வெள்ளைத்துணி குடிக்காத தண்ணீர்

அந்தப் பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் வெள்ளைத்துணி. முகத்துக்கு நேரே மேடம். முதுகு திரும்பினால் வெள்ளைத்துணி. அவள் அவர்களுக்கு சூப்பர்வைசர். ஒரு பெண் அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். இவள் உள்ளே போவாள். தோளில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் வெள்ளைத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு, யார் கண்ணுக்கும் எட்டாத இடமாகப் பார்த்துத் தேய்ப்பாள். கண்ணாடியின் மேல்விளிம்பு, கட்டிலின் பின்பக்கம், கழிவறைப் பீங்கானின் உள்மடிப்பு. பிறகு அந்தத் துணியைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசினால் மரியாதை கொடுத்ததாக ஆகிவிடுமாம்.

வீட்டிலும் அதே துணிதான். மகள் கல்யாணமாகிப் போன வீட்டுக்கு எப்போதாவது போவாள். மாப்பிள்ளை "வாங்க அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்து பார்ப்பாள். அவளுடைய கணவன் செருப்பைக் கழற்றி வைப்பதில்கூட ஆயுள் முழுக்கத் தப்புச் செய்தவன். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொன்னது இது: "அந்த ஒரு விஷயத்துல கெட்டிக்காரரு. படுக்கையில கிடந்து நனைக்கல, யாரும் அள்ளிப் போடல." வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அது பாராட்டு. அவனுக்கு அவள் கொடுத்த ஒரே பாராட்டும் அதுதான்.

ஆக, அவள் பயப்பட்டது சாவுக்கு அல்ல. தன் உடம்பிலிருந்து வருவதை இன்னொருத்தி கையில் ஏந்திப் போவதற்குத்தான். ஆயிரம் பேருடைய கழிவறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தவள், தன் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நல்ல நியாயம்.

அவளை வீழ்த்தியது அவள் வீட்டுக் குளியலறைத் தரை. ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலையில்லாமல் அதைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள். ஈரக் காலோடு அதில் வைத்த அடி அவளை நேராகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். அப்போது மயக்கத்தில் இருந்ததால் அந்த அவமானம் அவள் கணக்கில் சேரவில்லை. பிறகு குழாயை எடுத்துவிட்டு, "இனிமே பெட்பேன்தான். தண்ணி நல்லாக் குடிங்க, படுத்தே இருந்தா கல்லு, கிருமின்னு எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

பெட்பேனைக் கொண்டுவரும் ஆயாம்மாவுக்கு வார்டு வைத்த பெயர் ரேடியோ. காலையில் வரும்போது திறக்கும் வாய் ஷிப்ட் முடியும்போதுதான் மூடும். அவள் வெள்ளைத்துணியின் இடுப்புக்குக் கீழே அந்தத் தட்டைச் செருகிவிட்டு, அடுத்த படுக்கைக்காரியிடம் தன் மருமகளின் கொடுமையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"தட்டைக் கழுவினியா?" என்றாள் வெள்ளைத்துணி.

"கழுவாமலா? காலைல இருந்து அதுதான பொழப்பு."

"உள் விளிம்புல கறை இருக்கு."

"அது கறை இல்லம்மா, கீறல். தட்டுக்கு உங்க வயசு ஆகுது."

வார்டே சிரித்தது. வெள்ளைத்துணிக்கு வர இருந்ததும் நின்றுபோனது. ரேடியோ தட்டை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒண்ணும் காணோமே!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

அப்போதே வெள்ளைத்துணி முடிவு செய்துவிட்டாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? வாயை மட்டும் நனைத்துக்கொள்வது, விழுங்குவதில்லை. ஏதோ பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட தோரணையில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நாளில் ஒரு தடவை, தவிர்க்கவே முடியாதபோது, நாலு சொட்டுக்காகத் தட்டைக் கேட்டாள். மற்ற நேரம் யாராவது வந்து கேட்டால், "ஆச்சு, முன்னாடி இருந்த ஆயாம்மா எடுத்துட்டா" என்று பொய் சொன்னாள். ஷிப்ட் மாறும் இடத்தில் யாருக்கு யார் செய்தது தெரியும்? கவலைப்பட யாருக்கும் நேரமும் இல்லை.

தண்ணீர்? அது தினமும் ஜக்கு நிறைய வந்தது, ஜக்கு காலியாகப் போனது. எங்கே போனது என்றால், அலமாரிக்குப் போனது. கட்டிலை ஒட்டி ஆளுக்கு ஒரு சின்ன இரும்பு அலமாரி வைத்திருந்தார்கள். எத்தனை நோயாளிகளின் பால் கறை, மருந்துப் பிசுக்கு, கைரேகை! வெள்ளைத்துணி கைப்பையிலிருந்து தன் துணியை எடுத்தாள். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் நனைத்தாள். கை எட்டும் தூரம் வரை அலமாரியைத் துடைத்தாள், கட்டில் கம்பியைத் துடைத்தாள், ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். வாய் கொப்பளிக்கும் கிண்ணத்தில் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்க, அவளுடைய அலமாரி மட்டும் புதுசாக மின்னியது. நர்ஸுகள் வந்து ஜக்கைச் சாய்த்துப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாக் குடிக்கிறீங்களே" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். ஜக்கைப் பார்த்தவர்களில் ஒருத்திகூட அவளுடைய உதட்டைப் பார்க்கவில்லை. வெடித்துக் கிடந்த உதடு அது.

வலிக்கு வேறு அவளிடம் சொந்தக் கையிருப்பு இருந்தது. முழங்கால் வலிக்கென்று வருஷக்கணக்காக மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தின்ற மாத்திரை. கைப்பையில் அட்டை அட்டையாக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மருந்து போதவில்லை என்று நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்பதா? சீச்சீ. தானே போட்டுக்கொண்டாள், தண்ணீரில்லாமல் மென்று.

அடுத்த படுக்கையில் ஒரு தையல்காரி கிடந்தாள். வாசலில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தைத்துப் பிழைத்தவள். வெள்ளைத்துணியைவிட ஓரிரு வயது சின்னவள், கொஞ்சம் பருமன், நீண்ட நாள் சர்க்கரைக்காரி. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். தாகம் தாகம் என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பாள். "ஆயாம்மா, கொஞ்சம் வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். தட்டை வாங்கும்போது சிரிப்பாள், கொடுக்கும்போது "புண்ணியமாப் போகட்டும்" என்பாள். ரேடியோவின் மருமகள் கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

வெள்ளைத்துணியால் இதைச் சகிக்கவே முடியவில்லை. ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"ஏம்மா, நீ என்ன கைக்குழந்தையா?"

தையல்காரி திரும்பினாள். "என்னக்கா?"

"மொடக்கு மொடக்குன்னு குடிக்கிற. அப்புறம் ஊரக் கூட்டி தட்டைக் கேக்குற. ஒரு நாளைக்கு எத்தனை தரம் உன்னை அவ தூக்கித் தொடைக்கிறா பாத்தியா? கூச்சமா இல்ல?"

தையல்காரியின் முகம் விழுந்துவிட்டது. இதுவரை அது கூச்சப்பட வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. "நீங்க ஒரு தரம்கூட கூப்பிடுறதில்லையேக்கா. எப்படி?"

இந்தக் கேள்வியில் வெள்ளைத்துணி மனம் குளிர்ந்துபோனாள். ஓட்டலில் இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் ஆசையாகக் கேட்டதில்லை. சொல்லிக் கொடுத்தாள். வாயை நனை, விழுங்காதே. ஜக்குத் தண்ணியில அலமாரியத் தொடை. தன் பழைய துணியில் பாதியைக் கிழித்துக்கூடக் கொடுத்தாள். வலிக்கிறது என்றபோது மாத்திரை அட்டை ஒன்றை அலமாரியின் மேலாகத் தள்ளிவிட்டாள். "நர்ஸ்கிட்ட கெஞ்சாத. மனுஷிக்கு ஒரு ரோஷம் வேணும்."

தையல்காரி நல்ல மாணவி. கொஞ்ச நாளில் இரண்டு அலமாரிகள் மின்னின.

முதலில் சாய்ந்தது வெள்ளைத்துணி. ஒரு காலையில் குமட்டியது. பிறகு விக்கல், நிற்காத விக்கல். கண் இமைகள் உப்பின. மகள் வந்து, "அம்மா, என்னம்மா மூஞ்சி இப்படி வீங்கிருக்கு?" என்றதற்கு, "உன் வீட்டுப் பாத்திரத்துல வந்த சாப்பாட்டத் தின்னா வீங்காம என்ன பண்ணும்" என்றாள். அதுதான் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியம். அதற்கப்புறம் மகளை ஓட்டலில் வேலை பார்த்த யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியின் மேல்விளிம்பைத் துடைக்கச் சொல்லி அதட்டினாள்.

ரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது, கிரியாட்டினின் எகிறியிருந்தது. மறுபடி குழாய் போட்டுப் பை மாட்டினார்கள். பையில் ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது. அவளை வேறு அறைக்கு மாற்றி, கழுத்தில் ஊசிக் குழாய் சொருகி, டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள்.

தெளிவு வந்ததும் சிறுநீரக டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். நிதானமான மனுஷர், கேள்வியைச் சுருக்கமாகக் கேட்பவர்.

"படுத்திருந்தப்ப தண்ணி நல்லாக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"நாங்க கொடுத்தது போக வேற மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

"வலி மாத்திரை? வீட்டுல இருந்து கொண்டு வந்தது? அதுவும் உடம்புல தண்ணி இல்லாததும் சேந்தா கிட்னி படுத்துடும். அதுக்காகத்தான் கேக்குறேன்."

"நான் என்ன படிக்காதவளா? அப்படியெல்லாம் சாப்பிட மாட்டேன்."

கழுத்தில் குழாயோடு, உப்பிய முகத்தோடு, நாக்குக் கூசாமல் சொன்னாள். தண்ணீரால் அலமாரி துடைத்த கதையை அந்த மனிதரிடம் சொல்வதா? அவர் ஜக்கு வைத்த ரேடியோவைக் கூப்பிட்டு விசாரித்தார். "சத்தியமா நிறையத்தான் வச்சேன் சார், காலியாத்தான் எடுத்தேன்" என்று ரேடியோ அழுதாள். தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினாள். வெள்ளைத்துணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றம் வேறு வழியில்லாமல், ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி வராமலிருக்கக் கொடுத்த ஊசி மருந்தின் மேல் விழுந்தது. வார்டு முழுக்க அந்த ஊசியை மாற்றினார்கள். வார்டில் மற்ற யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். எந்த விஷயத்தை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் மறைத்து வாழ்ந்தாளோ, அது ஊருக்கே செய்தியாகிவிட்டது. கட்டிலோரம் தொங்கிய பையைத்தான் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குனிந்து பார்த்தார்கள். டாக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தாள், தரை துடைக்க வந்தவளும் பார்த்தாள். மாப்பிள்ளை இருக்கிறானே, அத்தையின் முகத்தை இத்தனை வருஷத்தில் நேராகப் பார்த்திராதவன், அவன்கூட மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். வெளியூர் உறவெல்லாம் போனில் கேட்டது. "ஒண்ணுக்குப் போனாங்களா?" மகள் வராந்தாவில் நின்று கத்திப் பதில் சொன்னாள். "இன்னிக்கு இன்னும் இல்ல சித்தி! நேத்து ஒரு அரை டம்ளர் மாதிரி!" ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி வேண்டுதலே செய்துகொண்டாளாம். வெள்ளைத்துணி கண்ணை மூடிக்கொண்டு செத்துவிட்டதாக நடித்துப் பார்த்தாள். அதற்கும் ஒரு நர்ஸ் ஓடிவந்து, அவளை உலுக்கிவிட்டு, பையைப் பார்த்தாள்.

ஆனால் ராத்திரி பகலாகத் தனக்குள் அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். வா, வந்துவிடு. கழுத்துக் குழாயோடு ஆயுள் முழுக்க மெஷினில் கிடப்பதை நினைத்தால் பெட்பேன் ஒரு பொருட்டே அல்ல என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு அணை உடைந்தாற்போல. பை நிறைந்தது, மாற்றினார்கள், மறுபடி நிறைந்தது. மகள் அழுதாள். மாப்பிள்ளை பையைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "அத்தை, ஒண்ணரை லிட்டர்!" என்று கத்தினான். அவள் அவனை அதட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளை செய்த ஒரு காரியம் அவளுக்குப் பிடித்திருந்தது. டாக்டர் மெஷினை நிறுத்தினார். "முழுசா பழையபடி ஆகும்னு சொல்ல முடியாது. ஆனா தப்பிச்சீங்க. தண்ணி குடிக்கணும், வலி மாத்திரைப் பக்கமே போகக் கூடாது" என்றார். தலையாட்டினாள்.

பழைய வார்டுக்கே திரும்பி வந்தாள். பழைய படுக்கை. தன் அலமாரியில் தூசி படிந்திருந்ததை முதலில் பார்த்தாள். பிறகு பக்கத்து அலமாரியைப் பார்த்தாள். அது பளபளவென்று மின்னியது.

தையல்காரி படுத்துக் கிடந்தாள். கண் இமைகள் உப்பியிருந்தன. விக்கல். ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில் காற்றில் இரண்டு விரல்களால் எதையோ கோத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல். உள்ளங்கையில் அந்தப் பாதித் துணி சுருண்டு கிடந்தது.

காலடியில் உட்கார்ந்திருந்த அவள் மகள் எழுந்து வந்து வெள்ளைத்துணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, வந்துட்டீங்களா! அம்மா உங்களைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. நீங்க சொன்னப்புறம் யாரையும் தொந்தரவே பண்றதில்ல. ஆயாம்மாவக் கூப்பிடுறதே இல்ல. அவ்ளோ ரோஷம் வந்துடுச்சு. இன்னிக்குக் காலையில இருந்துதான் ஏதோ கொழப்பமா பேசுறாங்க. இந்த ஊசியும் ஒத்துக்கலையோ என்னவோன்னு பாக்குறாங்க."

ஓட்டலில் ஆயிரம் பேர் மூக்குக்கு நேரே துணியை நீட்டியவளின் மூக்குக்கு நேரே இப்போது அந்தத் துணி வந்து நின்றது. பேசாமல் இருக்க வழி இருந்தது. ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தியும் காற்றில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆயாம்மா!" என்று கத்தினாள். வார்டே திரும்பியது. ரேடியோ தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "தட்டு வேணாம். டாக்டரைக் கூப்பிடு. ஓடு!"

டாக்டர் வந்தார்.

"அந்தம்மா தண்ணி குடிக்கல. நான்தான் குடிக்காதன்னு சொன்னேன். மாத்திரையும் நான்தான் குடுத்தேன்."

"ஜக்கு தினம் காலியாகுதே?"

"தொடச்சா காலியாகும். இந்த வார்டுல எல்லா அலமாரியையும் தொட்டுப் பாருங்க. அப்புறம் அவளுதைத் தொடுங்க."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். எதிர் வரிசை அலமாரியில் விரலை இழுத்தார், விரல் கறுத்தது. தையல்காரியின் அலமாரியில் இழுத்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு தூசி இல்லை.

"உங்களை நான் கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க."

"அன்னிக்கு சொல்லியிருந்தா அன்னிக்கே இவங்களைப் பாத்திருப்பேன்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தையல்காரியை அவசர அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் கட்டிலோடு கூடவே ஓடினாள். வாசலில் ஒருமுறை திரும்பி வெள்ளைத்துணியைப் பார்த்தாள். காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

தையல்காரி பிழைத்தாள். அவள் சிறுநீரகம் பிழைக்கவில்லை. சர்க்கரை ஏற்கெனவே அதைப் பாதி தின்றிருந்தது. மிச்சத்தை வெள்ளைத்துணியின் ரோஷம் தின்றது. அடி தாங்கி எழுந்திருக்க அதில் சத்தில்லை.

மாதங்கள் கழித்து, பரிசோதனைக்கு வந்த வெள்ளைத்துணி, ஊன்றுகோலோடு டயாலிசிஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வேண்டுமென்று வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. டாக்டர் உத்தரவு, எங்கே போனாலும் பாட்டில். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். நாலாவதில் தையல்காரி. பாதியாக இளைத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் மெஷினுக்கு ஓடின.

"அக்கா! வாங்க. கால் எப்படி இருக்கு?"

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். இவளை என்ன செய்வது? வெள்ளைத்துணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் ஒருத்தியிடமும் பழகியதில்லை. வாயில் தேடினாள், அகப்படவில்லை.

"இங்க சுத்தமா வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். வேறென்ன கேட்கத் தெரியும் அவளுக்கு?

"அதெல்லாம் பளிச்சுனு இருக்குக்கா." தையல்காரியின் கண் பாட்டிலின் மேல் இருந்தது. உதடு காய்ந்திருந்தது. "எனக்கு ஒண்ணுக்கே வர்றதில்ல இப்ப. அதனால தண்ணி அளந்துதான். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். சாப்பாட்டுல வர்றதும் அதுக்குள்ளயே. நாக்குல ஐஸ் கட்டி வச்சிக்குவேன். நீங்க சொன்ன மாதிரிதான், வாயை நனைச்சிக்குறது." சிரித்தாள்.

வெள்ளைத்துணி பாட்டிலைப் பைக்குள் ஒளிக்கப் பார்த்தாள். தையல்காரி குழாய் இல்லாத கையை நீட்டித் தடுத்தாள்.

"உள்ள வைக்காதீங்க. குடிங்கக்கா."

"அப்புறம் குடிச்சுக்கிறேன்."

"இப்ப குடிங்க. யாராவது குடிக்கிறதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் நல்லாருக்கும்."

வெள்ளைத்துணி மூடியைத் திறந்தாள். தையல்காரி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க, வெள்ளைத்துணி பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.